ஊஞ்சலுக்குக் கீழே இருந்த சிமெண்ட்

கரூரில் எங்கள் காலனி மைதானத்திலிருந்த பழைய ஊஞ்சல், சறுக்குமரம், ராட்டினம், பிள்ளைகள் ஏறி விளையாடுகிற கம்பி உருண்டை எல்லாவற்றையும் நாங்களே பிரித்துச் சரிசெய்து மறுபடி நட்டோம். பக்கத்துக் காலனிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு எப்படிச் செய்தீர்கள், எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் வாயால் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதிவைக்கிறேன். மொத்தச் செலவைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் பாதிப் பொருள் பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் மிஞ்சியது, பாதி உழைப்பு சும்மா வந்தது. அந்தத் தொகையை நம்பி யாராவது இறங்கினால் நடுவில் மாட்டிக்கொள்வார்கள்.

மைதானம் என்று சொல்வதே இப்போது கொஞ்சம் அதிகம்தான். ஒரு பக்கத்தை மேல்நிலைத் தொட்டி எடுத்துக்கொண்டது, தொட்டிக்கு மோட்டார் ரூம், அதற்கு ஒரு வேலி, வேலிக்கு வெளியே நிழல் கிடைக்கிறது என்று நிற்கிற கார்கள். நாங்கள் ஏழு கல்லும் பச்சைக்குதிரையும் ஆடிய நீளத்தில் பாதிகூட இல்லை. மிச்ச இடத்தில் சங்கிலி இல்லாத ஊஞ்சல் சட்டம், நடுவில் தகடு ஓட்டையான சறுக்குமரம், பூட்டுப் போட்டுக் கட்டிவைத்த ராட்டினம், ஒரு பக்கம் சாய்ந்த கம்பி உருண்டை. சங்கக் கூட்டத்தில் பேச்சு வந்தபோது பெரும்பாலானவர்கள், எல்லாவற்றையும் கேஸ் கட்டிங்கில் அறுத்து எடைக்குப் போட்டுவிட்டு, பிளாஸ்டிக்கில் குட்டிச் சறுக்கும் ஒரு வீடும் சேர்ந்து வருமே, அந்த செட்டு ஒன்று வாங்கி ரப்பர் பாய் விரித்துவிடலாம் என்றார்கள். அடிபட்டால் யார் பதில் சொல்வது என்பதுதான் அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி.

ஆனால் அந்த செட்டு நாலு வயசுக்குமேல் எந்தப் பிள்ளையையும் பிடித்துவைப்பதில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற அடுக்குமாடியில் ஒன்று இருக்கிறது, மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். சின்னக் குழந்தைகள் கொஞ்ச நேரம் சறுக்கும், அப்புறம் எட்டு வயசுப் பையன் ஒருவன் வருவான், அவனுக்கு அந்தச் சறுக்கில் ஒன்றும் இல்லை, நேராக அந்தப் பிளாஸ்டிக் வீட்டுக் கூரைமேல் ஏறி நிற்பான். கூரை ஏறுவதற்காகச் செய்யப்பட்டதில்லை, பிடிப்பு கிடையாது, கைப்பிடிக் கம்பியும் கிடையாது. உயரம் வேண்டும் என்கிற பிள்ளைக்கு உயரத்தை நாம் ஒழுங்காகக் கொடுக்காவிட்டால் அவனே ஒன்றைக் கண்டுபிடித்துக்கொள்வான், அது தொட்டியின் ஏணியாகவும் இருக்கலாம்.

ஊஞ்சல் சட்டத்தில் சங்கிலி இல்லாததற்கு ஒரு காரணம் உண்டு. எண்பதுகளின் கடைசியில், எனக்கு ஒரு வகுப்பு கீழே படித்த பையன் உச்சிக்குப் போய்த் திரும்புகிற நேரத்தில் கை நழுவி மல்லாந்து விழுந்தான். கீழே சிமெண்ட் தளம். மழைக்காலத்தில் காலடியில் குழி விழுந்து தண்ணீர் தேங்குகிறது என்று யாரோ நல்ல மனசோடு போட்டுக்கொடுத்த தளம் அது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், அவன் வீடு திரும்பவில்லை. அந்த வாரமே சங்கிலிகளை அறுத்து எடுத்துவிட்டார்கள். தளத்தை யாரும் தொடவில்லை. அதற்கப்புறம் இத்தனை வருஷமாக அந்தச் சட்டம் எங்களுக்கு கோல் போஸ்ட், கிரிக்கெட் ஸ்டம்பு, மாரியம்மன் நோன்புக்கு ஸ்பீக்கர் கட்டுகிற கம்பம். அந்தச் சிமெண்ட்மேல்தான் ஓடினோம், விழுந்து முட்டியும் பேர்த்துக்கொண்டோம். ஊஞ்சல்தான் அவனைக் கொன்றது என்று ஊரே நம்பியது, நானும்தான்.

ஏழடி உயரத்திலிருந்து விழுகிற தலை தரையைத் தொடும்போது மணிக்கு 23 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும், இது பள்ளிக்கூடக் கணக்கு. அந்த வேகம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சிமெண்டில் சில மில்லிமீட்டரில் நின்றுவிடும், கொட்டிவைத்த மரச்சில்லில் இரண்டு மூன்று அங்குலம் அமுங்கி நிற்கும். அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் பொது விளையாட்டுத் திடல்களுக்கென்று ஒரு கையேடு போட்டிருக்கிறது, 1981லிருந்து திருத்தித் திருத்தி வெளியிடுகிறார்கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதைத்தான் அச்செடுத்து வைத்துக்கொண்டு வேலை செய்தோம். திடலில் படுகிற காயங்களில் பெரும்பகுதி தரையில் விழுவதால் வருபவை என்று அது திரும்பத் திரும்பச் சொல்கிறது. கான்கிரீட், தார் இரண்டும் கூடவே கூடாது, வெறும் மண்தரையும் புல்லும்கூட மிதிபட்டு இறுகிவிடும் என்பதால் கணக்கில் சேராது.

சரி, தரையிலிருந்தே ஆரம்பித்தோம். கொத்தனார், தளத்தை எதற்கு உடைக்கவேண்டும், மேலேயே அரையடி மணல் கொட்டிவிடலாமே, ஒரு நாள் கூலி மிச்சம் என்றார். எதிர் வரிசை அத்தை அப்போது வேலிப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பையனின் அம்மா. கொசுவலை தைக்கிற கம்பெனியில் ரொம்ப வருஷம் வேலை பார்த்தவர், இப்போது வீட்டோடு இருக்கிறார். பக்கத்தில் வந்து, "ஏங் கண்ணு, அடியில கெடக்கற சிமெண்ட எடுக்கறீங்களா, மேலாலயே கொட்டப்போறீங்களா?" என்று கேட்டார். எடுத்துடறோம் அத்தை என்றேன். "மணலு ஒதுங்கிப் போயிரும். ஊஞ்சலுக்கு அடியில காலு பட்டுப் பட்டு ஒதுங்கும். அப்ப மறுக்காவும் அதுதான் இருக்கும்" என்றார். கையேடு பக்கம் பக்கமாகச் சொல்லுகிற விஷயம் இதேதான். கொத்தனார் மறுபேச்சில்லாமல் பிரேக்கர் மெஷினுக்குப் போன் போட்டார்.

சங்கத்தில் ஒருத்தர் உணர்ச்சிவசப்பட்டு, பையன் பேரில் ஒரு கல்வெட்டு வைக்கலாம் என்று அத்தையிடமே கேட்டுவிட்டார். "பேரெல்லாம் வேண்டாம் சாமி, அத எடுங்க போதும்" என்பதோடு அவர் உள்ளே போய்விட்டார். தளம் நாலு அங்குலம்தான் இருக்கும் என்று நினைத்திருந்தோம், ஓரத்தில் ஆறு அங்குலமும் அடியில் செங்கல் ஜல்லியுமாக இருந்தது. உடைத்த துண்டுகளை வெளியே அனுப்பவில்லை, அவை பின்னால் மேட்டுக்கு அடிப்படையாகப் பயன்பட்டன.

கீழே எதைக் கொட்டுவது என்பதில்தான் அதிக நேரம் போனது. ஆற்று மணல் அமராவதிக் கரையில் இருக்கிற எங்களுக்கே இப்போது சுலபமாகக் கிடைக்கிற பொருள் இல்லை. எம்-சாண்டு வேண்டவே வேண்டாம், அது உடைத்த கல், மூலைமூலையாக இருக்கிறது, தூசியோடு சேர்ந்து ஒரு மழைக்கே இறுகிவிடும். நல்ல மணலே 9 அங்குலம் இருந்தாலும் 4 அடி உயர விழுகைக்குத்தான் போதும் என்கிறது கையேடு, உருண்டைக் கூழாங்கல் 5 அடிக்கு. அதே 9 அங்குலம் மரச்சில்லாக இருந்தால் 10 அடி வரைக்கும் தாங்கும். ஊஞ்சலுக்கு விழுகை உயரம் என்பது உட்காரும் பலகையின் உயரம் இல்லை, மேலே சங்கிலி தொங்குகிற குழாயின் உயரம், ஏனென்றால் வீசி ஆடுகிற பிள்ளை அதுவரைக்கும் போகும். எங்கள் குழாய் ஏழடி. மணல் சரிப்படாது.

மரச்சில்லுக்கு நாங்கள் அலையவேண்டியிருக்கவில்லை. கரூர் பக்கம் காகித ஆலை இருப்பதால் சவுக்கும் தைலமரமும் சில்லு அடிக்கிற இடங்கள் உண்டு, அங்கே கேட்டு ஒரு டிப்பர் சவுக்குச் சில்லு வாங்கினோம். விரல் நீளம்கூட இருக்காது, தட்டையாக இருக்கும், கையில் குத்தாது. ரம்பத் தூளும் இழைப்புச் சீவலும் வேறு, அவை மழையில் கூழாகிவிடும், வாங்காதீர்கள். பெயிண்ட் அடித்த மரம், பழைய பேக்கிங் பெட்டி இவற்றை அடித்த சில்லும் வேண்டாம், ஆணியும் மருந்தும் இருக்கும். குழியைப் பதினாறு அங்குலம் எடுத்தோம், அடியில் நாலு அங்குலம் பெரிய ஜல்லி, தண்ணீர் இறங்க ஒரு பக்கமாக வாட்டம், அதற்குமேல் நாற்றங்கால் பந்தலில் கழித்துப்போட்ட பச்சை நிழல்வலை இரண்டு மடிப்பு, அதற்குமேல் 12 அங்குலம் சில்லு. மிதிபட்டு கால்வாசி அமுங்கும், அதனால் 9 வேண்டுமென்றால் 12 கொட்டவேண்டும். ஊஞ்சல் கால்களில் 9 அங்குல உயரத்துக்கு ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கிறோம், கோடு முழுசாகத் தெரிந்தால் சில்லு குறைந்துவிட்டது என்று அர்த்தம், எந்தப் பிள்ளையும் வந்து சொல்லலாம். கரையான் வரும், வராமல் இருக்காது. வருஷத்துக்கு ஒருமுறை மேல்சில்லு போட்டுக்கொள்ளவேண்டியதுதான், ரப்பர் பாயைவிட அதுவே மலிவு. கரூர் வெயிலில் ரப்பர் பாயில் வெறுங்காலோடு நின்று பார்த்தவர்கள் அதைக் கேட்கமாட்டார்கள்.

எல்லை கட்டப் பழைய லாரி டயர். டயரில் தண்ணீர் நின்றால் டெங்கு கொசுவுக்கு நாமே வீடு கட்டிக்கொடுத்த மாதிரி. அதனால் ஒவ்வொன்றிலும் அடியில் துளை போட்டு, உள்ளே மண் திணித்து, பாதிக்குமேல் புதைத்தோம்.

ஊஞ்சல் சட்டத்துக்கு வருகிறேன். பார்வைக்குக் குழாய் நன்றாகத்தான் இருந்தது. வெல்டர் அண்ணன் ஒரு சுத்தியலை எடுத்து மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்தார். மேலெல்லாம் கணீர் என்றது, தரையிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில் சத்தம் செத்துப்போனது. அங்கே ஸ்க்ரூடிரைவரை வைத்து ஒரு குத்து, உள்ளே போய்விட்டது. சிமெண்டும் குழாயும் சேருகிற இடத்தில் தண்ணீர் நின்று நின்று, பெயிண்டுக்குப் பின்னால் குழாய் தாளாகியிருந்தது. உங்கள் ஊர் பார்க்கிலோ பள்ளிக்கூடத்திலோ ஊஞ்சல் இருந்தால் இந்தச் சோதனையை இன்றைக்கே செய்யுங்கள், காசு செலவில்லை. மேலே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சட்டம் ஒடிவது இந்த ஒரு இடத்தில்தான்.

குறுக்குக் குழாயை இறக்கியபோது அடியில் பற்றவைத்த பழைய வளையங்களைப் பார்த்தோம். மூன்று ஊஞ்சல், ஆறு வளையம். விரல் தடிமன் கம்பி, சங்கிலி உரசிய உள்பக்கத்தில் பாதிக்குமேல் தேய்ந்து, பள்ளம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. நடு ஊஞ்சலின் வளையங்கள்தான் அதிகம் தேய்ந்திருந்தன, நடு இடத்துக்கு நாங்கள் எப்போதும் சண்டை போடுவோம். விரலை விட்டுத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், வெல்டர் அண்ணன் "அறுத்துடலாமா?" என்று கேட்கும்வரை. அந்தத் தேய்மானத்தில் அவனுடைய பங்கும் இருக்கும்.

புதுச் சட்டத்தில் மூன்று இல்லை, இரண்டு ஊஞ்சல்தான். நடு ஊஞ்சலுக்குப் போகிற பிள்ளை ஓரத்து ஊஞ்சலில் அடிபடும், அதனால் ஒரு சட்டத்துக்கு இரண்டு என்பது விதி. இரண்டுக்கும் நடுவில் 24 அங்குலம், காலுக்கும் ஊஞ்சலுக்கும் நடுவில் 30 அங்குலம். கால்களுக்குப் புதிதாக இரண்டரை அங்குல சி கிளாஸ் (தடித்த சுவர்) குழாய் போட்டோம், குறுக்குக் குழாய் பழையதே. காலை நேராக கான்கிரீட்டில் புதைக்காமல், கான்கிரீட்டைச் சில்லு மட்டத்துக்குக் கீழேயே நிறுத்தி, தலையைச் சரிவாகப் பூசிவிட்டோம், தண்ணீர் குழாயை ஒட்டி நிற்காது. குழாய்களின் திறந்த வாய்களையெல்லாம் தகடு வைத்து அடைத்தாகிவிட்டது. ஜிஐ குழாயில் பற்றவைக்கும் முன் மேலே இருக்கிற துத்தநாகப் பூச்சைக் கிரைண்டரால் எடுத்துவிடவேண்டும், அந்தப் புகையைச் சுவாசித்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் அடிக்கும். பட்டறையில் எல்லாரும் பால் குடித்தால் சரியாகிவிடும் என்பார்கள். பால் குடியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் பூச்சையும் எடுங்கள், காற்றடிக்கிற இடத்திலும் உட்காருங்கள்.

முன்னும் பின்னும் காலி இடம் குழாயின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு விடவேண்டும். எங்களுக்கு ஏழடி என்றால் முன்னால் 14, பின்னால் 14. பழைய இடத்தில் தொட்டி வேலி பத்தடியில் வந்துவிட்டது, ஊஞ்சலிலிருந்து குதிக்கிற பிள்ளை வேலியில் போய் நிற்கும். அதனால் சட்டத்தையே திருப்பிப் போட்டோம். இதற்காக வேலியோரம் நிறுத்தியிருந்த கார்களை எடுக்கச் சொல்லவேண்டியிருந்தது, இந்த மொத்த வேலையிலும் கஷ்டமான பகுதி அதுதான் என்பேன்.

தொங்கவிடுகிற இடத்தில் வளையத்துக்குப் பதில் பேரிங் வைத்த தொங்கி, லேத்தில் ஹவுசிங் கடைந்து 6204 சீல்டு பேரிங், எல்லா நட்டும் நைலாக், அதாவது ஆட்டத்தில் தானாகக் கழலாத வகை. எஸ் வடிவக் கொக்கி போடுகிறவர்கள் வாயை முழுக்க அடைத்துவிடவேண்டும், நகம்கூட நுழையக்கூடாது, இல்லாவிட்டால் துணி மாட்டும், சங்கிலியும் கழன்று வரும். நாங்கள் டி ஷாக்கிள் போட்டு ஊசியின் தலையைப் பற்றவைத்துவிட்டோம். உட்கார மரப்பலகை இல்லை. ஓடுகிற பலகை குறுக்கே வருகிற குழந்தையின் நெற்றியில் படுவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். பழைய இரும்புக் கடையில் வாங்கிய கன்வேயர் பெல்ட் துண்டுதான் சீட்டு. உட்கார்ந்தால் வளைந்து பிடித்துக்கொள்ளும், இடித்தாலும் மண்டை உடையாது. ஆனால் அதில் ஏறி நிற்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று முட்டி மடக்கி உந்துகிற அந்த ஆட்டம் எங்கள் காலனியில் இனி இல்லை. பாதுகாப்புக்காக ஒன்றை விட்டோமென்றால் அது இதுதான், தெரிந்தேதான் விட்டோம், எனக்கு அதில் இன்னும் முழுச் சம்மதம் கிடையாது.

சட்டம் நட்டு, கான்கிரீட் காய்ந்து, சங்கிலி மாட்டிய அன்று பிள்ளைகளை விடுவதற்கு முன் அத்தை வந்தார். ஊஞ்சலை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. குனிந்து சில்லுக்குள் கையை விட்டார், மணிக்கட்டு மறைந்து அதற்குமேலும் போனது. இன்னும் இரண்டு இடத்தில் அப்படிச் செய்து பார்த்தார். "செரி" என்றார்.

சறுக்குமரம்தான் எங்கள் பெருமை. பழையது ஏணியில் ஏறி ஆறடி மேலே நின்று சறுக்குவது. ஏணியிலிருந்து விழுவதும், மேல்தட்டில் தள்ளுமுள்ளில் பக்கவாட்டில் விழுவதும்தான் ஆபத்து, சறுக்குவதில் ஒன்றுமில்லை. உயரத்தைக் குறைக்கலாம் என்றார்கள். குறைக்கவில்லை, தரையை உயர்த்திவிட்டோம். உடைத்த சிமெண்ட் துண்டுகளை நடுவில் போட்டு, மேலே கிராவல் மண்ணை அரையடி அரையடியாகக் கொட்டித் தண்ணீர் விட்டு திமிசு போட்டு, ஆறடி உயர மேடு. அடியில் சுற்றளவில் எந்தப் பக்கம் அளந்தாலும் மையத்திலிருந்து பன்னிரண்டரை அடி வரும், உச்சியில் நாலடி அகலச் சமதளம். பத்து யூனிட்டுக்குமேல் (ஒரு யூனிட் நூறு கன அடி) மண் தின்றது. ஒரு பக்கச் சரிவில் தகடு பதித்துவிட்டால் ஆறடி உயரச் சறுக்கல் அப்படியே இருக்கிறது, எங்கிருந்து விழுந்தாலும் ஒன்றரை அடிக்குமேல் விழ முடியாது, உருளத்தான் முடியும். ஏணியும் இல்லை, பிள்ளைகள் நாலு பக்கமும் தவழ்ந்து ஏறுகிறார்கள். சரிவுக்கு அருகம்புல்லும் வெட்டிவேரும் நட்டோம், ஐப்பசி மழைக்குள் பிடித்துவிட்டது.

தகடு 304 எவர்சில்வர், ஒன்றரை மில்லி. பஸ் பாடி பட்டறையில் பெண்டிங் மெஷினில் இரண்டு பக்கமும் நாலங்குலம் மடக்கிக் கொடுத்தார்கள், விளிம்பை இன்னொருமுறை உள்ளுக்கு மடித்து உருட்டியதால் கையை வெட்டாது. சரிவு 30 பாகை. ஆறடி உயரத்துக்கு பன்னிரண்டு அடி நீளம் என்று வைத்தால் தானாக வந்துவிடும், கோணமானி தேவையில்லை. முடிவில் ஓரடிக்குக் கொஞ்சம் அதிகமாகச் சமமாக ஓடவிடவேண்டும், அங்கேதான் வேகம் அடங்கும். எட்டடித் தகடு என்பதால் நடுவில் ஒரு ஒட்டு உண்டு. மேல்தகடு கீழ்த்தகட்டின்மேல் ஏறி உட்காரவேண்டும், ஓட்டுக்கூரை வேய்கிற முறைதான், தலைகீழாக வைத்தால் பாவாடையும் தொடைத்தோலும் கிழியும். ஆர்கான் வெல்டிங் போட்டு பஃப் அடித்தபின் ஒரு நைலான் துணியை மேலிருந்து கீழே இழுத்துப் பார்த்தோம், ஒரு நூல் மாட்டினாலும் மறுபடி பஃப். சறுக்கு வடக்குப் பார்த்து இருக்கிறது, பக்கத்தில் புங்கமரம் நிழல். மேற்கே பார்க்கவைத்தால் சாயங்காலம் நாலு மணிக்கு அதில் அப்பளம் சுடலாம்.

இந்த மேடு எழும்பிக்கொண்டிருந்த நாட்களில்தான் ஒன்றைக் கவனித்தேன். வேலை முடியட்டும் என்று பிள்ளைகளை எவ்வளவு விரட்டினாலும் மண்குவியலிலும் சில்லுக்குவியலிலும்தான் கிடந்தார்கள். குழாய்த் துண்டுகளை வைத்துப் பீரங்கி, நிழல்வலையில் கூடாரம். டென்மார்க்கில் சோரன்சன் என்ற பூங்கா வடிவமைப்பாளர் இதையே பார்த்துவிட்டு, கோபன்ஹேகன் பக்கத்தில் எம்ட்ருப் என்ற இடத்தில் 1943ல், ஜெர்மன் ஆக்கிரமிப்பு நடக்கும்போதே, பலகையும் செங்கலும் மண்ணும் போட்டு வெறும் தட்டுமுட்டுத் திடல் ஒன்றைத் திறந்தார். தான் அழகாக வடிவமைத்த பூங்காக்களைவிடக் கட்டட வேலை நடக்கிற இடங்களில்தான் பிள்ளைகள் விளையாடுகின்றன என்பது அவர் பார்வை. எங்கள் சங்கத்தில் இதைச் சொல்லி ஒரு மூலையில் கொஞ்சம் மண்ணும் பலகையும் அப்படியே விடச் சொன்னேன். குப்பை என்று நினைத்துத் துப்புரவு வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

கம்பி உருண்டைக்கு வேலை குறைவு, நிமிர்த்தி நட்டு, வெடித்த பற்றுகளை மறுபடி போட்டதோடு சரி. கவனிக்கவேண்டியது இடைவெளி. 3.5 அங்குலத்துக்கு மேலும் 9 அங்குலத்துக்குக் கீழும் உள்ள எந்தச் சந்தும் ஆபத்து, காலை விட்டு உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும், கால் தரையில் எட்டாமல் கழுத்தில் தொங்கும். ஒரு பிளைவுட்டில் 3.5க்கு ஒரு கட்டையும் 9க்கு ஒரு வட்டமும் அறுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு சந்திலும் வைத்துப் பார்த்தோம். உருண்டையின் வயிற்றுப் பகுதியில் எல்லாம் தாராளம், ஆனால் உச்சிக்குப் போகப் போகக் கம்பிகள் நெருங்கி சரியாக அந்த ஆபத்து அளவுக்குள் வந்துவிடுகின்றன. உச்சியில் வட்டத் தகடு ஒன்றைப் பற்றவைத்து மூடிவிட்டோம், இப்போது அது அரசர் நாற்காலி. இந்தக் கம்பிக்கூண்டு வந்த கதை எனக்குப் பிடிக்கும். சார்ல்ஸ் ஹிண்டன் என்ற கணித ஆள் ஜப்பானில் இருந்தபோது, பிள்ளைகளுக்கு முப்பரிமாணம் பழகட்டும் என்று மூங்கிலில் கட்டங்கட்டமாகக் கூடு கட்டி, எண்ணைச் சொன்னால் அந்த மூலைக்கு ஏறிப் போகவைத்தாராம். மகன் செபாஸ்டியன் வளர்ந்து 1920ல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், கணக்குக்காக இல்லை, ஏறுவதற்காக.

ராட்டினத்தின் அச்சு வெறும் குழாய்க்குள் குழாய், கிரீஸ் வறண்டு ஆடிப்போயிருந்தது. அதற்குப் பதில் காயலான் கடையில் ஒரு மினி லாரியின் முன்ஹப்பை டிரம்மோடு வாங்கி, ஆக்சில் துண்டை நேராகக் கான்கிரீட்டில் நிறுத்தி, மேலே தட்டைப் போல்ட் போட்டோம். டேப்பர் ரோலர் பேரிங் இரண்டு, நட்டை இறுக்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு லேசாகத் தளர்த்திக் காட்டர் பின் குத்தவேண்டும், ஆட்டம் இருக்கக்கூடாது, இறுக்கமும் கூடாது. பழைய தட்டில் கம்பிகளுக்கு நடுவே காலிடம் இருந்தது, உள்ளே கால் போனால் முறிந்துவிடும், அதனால் ஐந்தடி வட்டத்துக்கு ஒரே செக்கர் பிளேட், கைப்பிடிகள் விளிம்புக்கு வெளியே நீட்டாமல்.

வேகம்தான் எல்லாருக்கும் பயம். விளிம்பு வேகம் விநாடிக்கு 13 அடியைத் தாண்டக்கூடாது என்கிறது கையேடு, ஐந்தடித் தட்டுக்கு அது ஒரு சுற்றுக்கு 1.2 விநாடி. ஹப்போடு வந்த பிரேக் ஷூவைக் கழற்றாமல், சும்மா உரசுகிற அளவுக்கு அட்ஜஸ்டரைத் திருப்பி வைத்துவிட்டோம். விளிம்பில் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்து, காலனியிலேயே தடியான இரண்டு காலேஜ் பையன்களை முழுபலத்தோடு தள்ளவிட்டு, செல்போனில் நேரம் பார்த்துத் திருப்பிக்கொண்டே வந்தோம், பத்துச் சுற்று 12 விநாடிக்குக் கீழே இறங்காது என்று ஆகும்வரைக்கும். "அங்கிள் லூசு பண்ணுங்க, ஓடவே மாட்டேங்குது" என்று இன்றும் புகார் வருகிறது. லூசு பண்ணுகிற ஸ்பேனர் என்னிடம் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

பெயிண்ட் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய பெயிண்டைக் கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்டி உரிக்காதீர்கள். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்குமேல் (பத்து லட்சத்தில் 90 பங்கு) இருக்கக்கூடாது என்ற விதி 2016ல் வந்து, 2017 நவம்பரிலிருந்துதான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய மஞ்சளிலும் சிவப்பிலும் என்ன இருக்கிறதோ, அந்தத் தூள் மண்ணில் விழும், அந்த மண்ணில்தான் பிள்ளைகள் கை வைக்கும். தார்ப்பாய் விரித்து, தண்ணீர்த் தாள் (நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள்) போட்டு ஈரமாகவே தேய்த்து, வழித்ததை மூட்டை கட்டித் தனியாகக் கொடுத்தோம். அப்புறம் ரெட் ஆக்சைடு, எனாமல்.

பிள்ளைகள் கழுத்தில் பள்ளிக்கூட அடையாள அட்டையோடு நேராக வந்துவிடுகிறார்கள். அந்த நாடா சறுக்கின் உச்சியில் ஏதாவது ஒரு போல்ட்டில் மாட்டினால் கழுத்து இறுகும், துப்பட்டாவும் அப்படித்தான். நீட்டிய போல்ட் எல்லாவற்றையும் அறுத்து டோம் நட்டு போட்டாகிவிட்டது, நுழைவில் அட்டைகளை மாட்ட ஒரு ஆணி வரிசையும் அடித்திருக்கிறோம்.

மாத முதல் ஞாயிறு ஒருத்தர் சுத்தியல், ஸ்பேனர், மண்வாரியோடு போய்ப் பார்க்கவேண்டும் என்று முறை போட்டிருக்கிறோம். சில்லு கோடு, ஷாக்கிள், குழாயின் அடி, ராட்டின ஆட்டம், உடைந்த பாட்டில். ராத்திரி வந்து குடிக்கிறவர்களை நிறுத்த முடியவில்லை, ஒரு விளக்கு போட்டதில் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

சீசா பாக்கி. பலகை அறுத்து வைத்தாகிவிட்டது, இரண்டு முனைக்கும் அடியில் பாதி டயர் புதைத்தாகிவிட்டது, ஆனால் நடு அச்சில் விரல் போய் நசுங்குகிற சந்துக்கு ஒரு மூடி லேத்தில் கடைந்து வரவேண்டும். பட்டறையில் ஆர்டர் அதிகம், ஆயுதபூஜை முடியட்டும் என்கிறார்கள். மூடி இல்லாமல் மாட்டிவிடச் சொல்லி இரண்டு தாத்தாக்கள் நச்சரிக்கிறார்கள், மாட்டமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.